ஊசிக்குரிய காசை மறித்தால் கருக்கலைப்பு நிற்காது

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் வாசகர் பக்கத்தில் வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கருக்கலைப்புக்குக் கொடுத்துவந்த குடும்பத்திட்டமிடல் காசு அமெரிக்காவில் நிறுத்தப்பட்டதாம், கருக்கலைப்புச் செய்யும் நிலையங்களுக்கு இனி அரச பணம் இல்லை என்று சட்டம் வந்துவிட்டதாம். இலட்சக்கணக்கான சிசுக்கள் காப்பாற்றப்படுமாம். இலங்கையிலும் கருக்கலைப்பைப் பற்றி வாய் திறக்கும் எந்த அமைப்புக்கும் குடும்பத்திட்டமிடல் வேலைக்கென்று அரசோ வெளிநாட்டாரோ ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார். அவருடைய மனம் எனக்கு விளங்குகிறது. நானும் ஞாயிறு பூசை தவறாதவள். 33 வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவமாதாக, வேலை செய்து 2023 கடைசியில் ஓய்வு பெற்றேன். சனம் என்னை மிசி என்றுதான் கூப்பிடும். ஒரு கருவைக் கலைக்க ஒருநாளும் நான் உதவினதில்லை. கலைக்க வழி கேட்டு வந்தவளை ஏசி அனுப்பினதுமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அமெரிக்க அரசின் உள்நாட்டுக் குடும்பத்திட்டமிடல் காசில் கருக்கலைப்புக்கு என்று தொடக்கத்திலிருந்தே ஒரு சதமும் இருந்ததில்லை. வசதி குறைந்த பெண்களின் குடும்பத்திட்டமிடலுக்கு அங்கே காசு ஒதுக்கியது 1970இல் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டம். டைட்டில் டென் என்று சொல்வார்கள். கருக்கலைப்பை ஒரு குடும்பத்திட்டமிடல் முறையாக வைத்திருக்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் காசு போகக்கூடாது என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு உதவிக் காசுக்கு 1973இல் ஹெல்ம்ஸ் திருத்தம் அதே பூட்டைப் போட்டது. வறிய மக்களுக்கான மெடிக்கெயிட் மருத்துவ உதவிக்கு, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளோடு, 1976இல் ஹைட் திருத்தம் வந்தது.

அப்படியென்றால் 2025 யூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டம் எதை மறித்தது? ஒரு நிறுவனம் வேறு காசில் கருக்கலைப்பும் செய்கிறது, 2023 நிதியாண்டில் மெடிக்கெயிட்டிலிருந்து 8 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றும் இருக்கிறது என்றால், அது செய்யும் மற்றச் சேவைகளுக்கும் ஒரு வருடத்துக்கு மெடிக்கெயிட் காசு இல்லை என்றது. அந்த மற்றச் சேவைகள் என்ன? கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனை, மார்பில் கட்டி பார்ப்பது, பாலியல் நோய்க்கு மருந்து, கருத்தடைக்கு லூப், குளிசை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. நானும் என் கிளினிக்கில் நின்ற பிள்ளைகளும் செய்துவந்த வேலைதான்.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு நிவாரண அரிசி சங்கக்கடையால், அதாவது கூட்டுறவுக் கடையால், வந்தது நினைவிருக்கும். கடை மனேச்சர் தன் வீட்டில் கள்ளு விற்கிறார், அதனால் அந்தக் கடைக்கு இனி அரிசி அனுப்புவதில்லை என்று மேலே ஒருவர் முடிவெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கள்ளு விற்பனை நின்றிருக்குமோ தெரியாது. கார்ட்டையும் பையையும் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்ற சனம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

அந்த வாசகர் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். ஒரு பையில் போடுகிற காசு மற்றப் பையின் பாரத்தைக் குறைக்காதா, ஊசிக்கு அரசு காசு கொடுத்தால் அந்த நிறுவனம் மிச்சம் பிடித்த காசைக் கருக்கலைப்புக்குத் திருப்பாதா என்கிறார். கேட்கத்தான் வேண்டும். கணக்கைப் பிரித்து வைக்கச் சொல்லலாம், வருடா வருடம் கணக்காய்வு செய்யலாம். அதற்காக ஊசியையே மறித்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துப் பார்க்க வேண்டியதில்லை. டெக்சாஸ் மாநிலம் செய்தே பார்த்துவிட்டது.

2011இல் டெக்சாஸ் சட்டசபை குடும்பத்திட்டமிடல் ஒதுக்கீட்டில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது. பிறகு 2013 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், கருக்கலைப்பு நிலையங்களோடு தொடர்புடைய பிளான்ட் பேரன்ட்ஹூட் என்ற அமைப்பின் கிளினிக்குகளைத் தன் பெண்கள் சுகாதாரத் திட்டத்திலிருந்து வெளியே தள்ளியது. அதற்குப் பிறகு நடந்ததை ஆய்வாளர்கள் எண்ணி 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியவற்றில் ஒன்று எங்கள் வேலையே. மூன்று மாத ஊசி போட்ட பெண்களில் எத்தனை பேர் அடுத்த ஊசிக்குத் திகதி தவறாமல் திரும்பி வந்தார்கள்? அந்தக் கிளினிக்குகள் இருந்த மாவட்டங்களில் முதலில் 56.9 வீதம். வெளியே தள்ளிய பிறகு 37.7 வீதம். அந்தக் கிளினிக்குகள் முன்பே இல்லாத மாவட்டங்களில் குறையவில்லை, 54.9இலிருந்து 58.5க்குக் கொஞ்சம் கூடியது. வெளியே தள்ளிய மாவட்டங்களில் ஊசி போட்டுவந்த பெண்களிடையே அரச காசில் நடந்த பிரசவங்கள் 27 வீதம் கூடின. வேறு கிளினிக்குகள் அந்தப் பெண்களைப் பார்க்கும் என்று சொல்லித்தான் அங்கேயும் சட்டம் கொண்டுவந்தார்கள்.

திகதி தவறாமல் என்று அந்த ஆய்வில் வாசித்தபோது எனக்கு ஒரு கார்ட் கண்ணுக்குள் வந்தது.

எனது பிரிவின் தொங்கலில், காட்டுக்கரையில் ஒரு குடியேற்றம். பிரதான வீதியிலிருந்து 9 கிலோமீற்றர் கிறவல் பாதை, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு யானை. அங்கே 31 வயதில் ஒரு பிள்ளை, நாலு குழந்தைகளின் தாய். புருஷன் கொழும்பில் கட்டட வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வருவான். நாலாவது குழந்தைக்குப் பிறகு அவள் தானாகவே வந்து கேட்டு ஊசி தொடங்கினாள். சின்னப் போத்தலைக் குலுக்கி, அடியில் படிந்த வெள்ளை கலந்த பிறகு ஏற்றி, "போட்ட இடத்தைத் தேய்க்காதை பிள்ளை" என்று சொல்லி, கார்ட்டில் அடுத்த திகதியை எழுதி நீலப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுப்பேன். ஒரு தவணையும் அவள் தவறினதில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் போன காலம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ இல்லை, பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. என் பிரிவோடு பக்கத்துப் பிரிவையும் ஆள் இல்லாத காரணத்தால் நான் ஒருத்திதான் பார்த்தேன், என் ஸ்கூட்டிக்கும் எண்ணெய் இல்லை. அவளுடைய கார்ட்டில் நான் வட்டம் போட்ட திகதி யூன் 7, செவ்வாய்க்கிழமை. அவள் வரவில்லை. புரட்டாதித் தவணைக்கும் வரவில்லை. தவறினவர்களைத் தேடி வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வேலை. நான் போகவில்லை. சைக்கிளில் ஒருநாள் வெளிக்கிட்டு, கால்வாய்ப் பாலத்தடியில் இருட்டிப் போய்த் திரும்பிவிட்டேன். அந்த நாளை இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊசியை விட்டவுடன் எல்லோருக்கும் கரு தங்காது. சிலருக்கு ஐந்தாறு மாதம், சிலருக்கு ஒரு வருடமும் செல்லும். அதனால் ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்ற ஒரு துணிவு வந்துவிடும். அவளுக்கும் அப்படித்தான். அடுத்த வருடம் மாசி மாதம் கரு தங்கியது.

பங்குனி மாதம் ஓர் இரவு ஒன்பது மணிக்கு, பக்கத்து வீட்டு போனில் அவளுடைய மூத்த மகள் எடுத்தாள். பன்னிரண்டு வயது. "மிசி, அம்மாவுக்கு நிக்காமல் ரத்தம் போகுது. உங்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னவா." என் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தம்பி ஒருவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பூட்டினார். யானைக்கு வெடி கொளுத்திப் போட்டபடி போய்ச் சேர ஒரு மணித்தியாலம் சென்றது. இந்திய வீட்டுத்திட்ட வீடு, சுவர் பூசவில்லை. நிலத்தில் பாயில் படுத்திருந்தாள். பாய் ஊறி, சீமெந்தில் இறங்கி, கதவடி வரைக்கும் வந்திருந்தது. கண்மடலை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைக் கடதாசி. கையில் நாடி தட்டுப்படவில்லை, கழுத்தில்தான் பிடித்தேன். தோட்டை அடகு வைத்து நகரத்தில் யாரோ ஒருவரிடம் குளிசை வாங்கியிருக்கிறாள். என்ன குளிசை, எத்தனை என்று அவளுக்கே தெரியாது, கடதாசியில் சுற்றிக் கொடுத்தது. மகள் பால்மாப் பேணிக்குள் இருந்து கிளினிக் கார்ட்டை எடுத்து என்னிடம் தந்தாள். ஆசுப்பத்திரிக்குப் போகும்போது கார்ட் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறாள். யூன் 7 என்ற என்னுடைய எழுத்து, என்னுடைய வட்டம்.

கொண்டுபோன இடத்தில், பிரஷர் பார்க்கமுதலே, "இது தானாக நடந்ததோ, செய்ததோ? பொலிசுக்கு அறிவிக்க வேணும்" என்று ஒருவர் கேட்டார். தானாக நடந்தது என்று சொன்னேன். அது பொய். வேலையில் இருந்த அவ்வளவு காலத்திலும் ஒரு நோயாளியைப் பற்றி நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியும்விட்டேன். மூன்று பைந்து இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

எங்கள் நாட்டில் கருக்கலைப்புக்கு அரச காசு கிடையாது. கருக்கலைப்பே குற்றம். 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு எதற்குச் செய்தாலும் மூன்று வருடம் வரை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை சிறை என்கிறது. 1995இல் அதைக் கொஞ்சம் தளர்த்தக் கொண்டுவந்த திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அப்படியிருந்தும் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 600க்கு மேல் கருக்கலைப்பு நடக்கிறது என்ற மதிப்பீடு பல வருடமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வாசகர் கேட்கும் தடைக்கு மேலான தடை ஏற்கெனவே இங்கே இருக்கிறது. அந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதன் நடுவில் நின்றுதான் கார்ட்டை நீட்டினாள். அவளுடைய தாயை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் தடுத்திருக்கக்கூடிய ஒரே பொருள் ஒரு மில்லிலீற்றர் ஊசி மருந்து, அது போய்ச் சேராததுதான் குறை. 303ஆம் பிரிவை மாற்ற வேண்டுமா என்பது பற்றி, முக்கியமாக வல்லுறவுக்கு ஆளான சிறுமிகளைப் பற்றி, எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது வேறொரு கடிதம்.

வாய் திறக்கும் அமைப்புக்குக் காசு கொடாதே என்ற பகுதிதான் என்னை அதிகம் பயப்படுத்துகிறது. அதுவும் அமெரிக்காவில் நடந்தது. டைட்டில் டென் காசு பெறும் இடத்தில் கருக்கலைப்பைப் பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது என்று 1988இல் விதி கொண்டுவந்தார்கள். 1991இல் உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 2019இல் இன்ன இடத்துக்குப் போ என்று அனுப்பவும் கூடாது என்று திரும்பவும் விதி வந்து, பிளான்ட் பேரன்ட்ஹூட் அந்தத் திட்டத்தை விட்டே விலகியது. இரண்டு வருடம் கழித்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் என் முன்னால் கதிரையில் இருந்து, "மிசி, இதை வைச்சிருக்க ஏலாது" என்று சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டால் அவள் எழும்பிப் போவாள். போகிற இடம் கடதாசியில் குளிசை சுற்றிக் கொடுப்பவனிடம். நான் பேசினதால் பிள்ளையைப் பெற்றுக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். மாமியோடு கதைத்திருக்கிறேன், புருஷனைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறேன், வங்கியில் கடன் தவணையைத் தள்ளிப்போடக்கூட ஒருத்திக்காகப் போய்க் கதைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. கருக்கலைப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்று எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தால் அந்தக் கதைகள் ஒன்றும் தொடங்கியிராது.

வன்னியில் குடும்பத்திட்டமிடல் என்று சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2009இல் இறுதி யுத்தத்தில் இவ்வளவு உயிரைக் கொடுத்துவிட்டு வந்த சனத்திடம் பிள்ளையைக் குறை என்று யார் சொல்ல முடியும்? சுனாமிக்குப் பிறகும் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகும், இனிப் பிள்ளை வேண்டாமென்று முன்பு குழாய் கட்டின தாய்மார் வந்து "மிசி, இதைத் திரும்ப அவிழ்க்கலாமோ" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி, மூன்று பிள்ளைகளையும் புதுமாத்தளனில் பறிகொடுத்துவிட்டு வந்தவள், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள். 2012இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில் பெண்களுக்குச் சரியாக விளக்காமல், கட்டாயப்படுத்திக் கைத்தோலுக்குள் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தச் செய்தி பரவின கிழமை என்னுடைய கிளினிக்கிலும் ஏழு பேர் வந்து குச்சியை எடுக்கச் சொன்னார்கள். நீங்களும் எங்களைக் குறைக்க அனுப்பின ஆளோ என்று ஒரு தகப்பன் கேட்டார். எடுக்க வேண்டும் என்று நின்ற எல்லோரையும் வைத்திய அதிகாரியிடம் கூட்டிப்போய் எடுப்பித்தேன். கேட்டவளுக்குக் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றவளுக்கு வைக்கக்கூடாது, எடு என்றால் எடுக்க வேண்டும். குச்சியை வற்புறுத்தி வைக்கும் அதிகாரியும், ஊசியை மறிக்கும் சட்டசபையும் அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அதனால் இந்த இரண்டையும் நான் வேறுவேறாகப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டாரும் கொடுக்கக்கூடாது என்கிறார் வாசகர். 1984இல் மெக்சிக்கோ நகர மாநாட்டில் ரீகன் அரசு அறிவித்த கொள்கை அது. தன் சொந்தக் காசில்கூடக் கருக்கலைப்புச் செய்யும் அல்லது அதற்காகப் பேசும் வெளிநாட்டு அமைப்புக்கு அமெரிக்கக் குடும்பத்திட்டமிடல் உதவி இல்லை. 1993இல் கிளின்டன் அதை நீக்கினார், 2001இல் புஷ் திரும்பப் போட்டார், 2009இல் ஒபாமா நீக்கினார், 2017இல் ட்ரம்ப் போட்டார், 2021இல் பைடன் நீக்கினார், 2025இல் திரும்பவும் போட்டாகிவிட்டது. ஆபிரிக்காவின் 26 நாடுகளில் 1995 தொடக்கம் 2014 வரை நடந்ததை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் லான்செட் இதழ்களில் ஒன்றில் வந்தது. இந்தக் கொள்கை நடப்பில் இருந்த வருடங்களில், அமெரிக்க உதவியில் அதிகம் தங்கியிருந்த நாடுகளில் கருத்தடை பாவிப்பது குறைந்து, கருக்கலைப்பு மற்ற நாடுகளோடு ஒப்பிடச் சுமார் 40 வீதம் கூடியது. குறைக்க என்று கொண்டுவந்த கொள்கை கூட்டித்தான் விட்டது.

2025 யூலையில் இன்னொரு செய்தி வந்தது. பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் கிடந்த, 97 இலட்சம் டொலர் பெறுமதியான அமெரிக்க உதவிப் பொருட்களை அழிக்கப்போவதாக அமெரிக்க அரசு சொன்னது. உள்ளே இருந்தவை ஊசி மருந்து, குச்சி, லூப், குளிசை. பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்களுக்கென்று வாங்கினவை. கருவைக் கலைப்பவை என்று காரணம் சொன்னார்கள். அவற்றில் ஒன்றும் கருவைக் கலைக்காது, கரு தங்காமல் காப்பவை. தடைக்காலத்தில் தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில் மருந்துப் பெட்டிகள் மறிபட்டுக் கிடக்க, எனக்கு மிஞ்சின பதினொரு ஊசிப் போத்தல்களை ஈரத் துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்து, யாருக்குக் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று இரவிரவாகப் பெயர் எழுதி வெட்டினவள் நான். பதினோராவது பெயருக்கும் பன்னிரண்டாவது பெயருக்கும் நடுவில் கோடு கீறுவது என்னவென்று எனக்குத் தெரியும். அந்தக் களஞ்சியத்தில் இருந்த எண்ணிக்கையை வாசித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, கருக்கலைப்புக்குக் கொடுத்துவந்த குடும்பத்திட்டமிடல் காசு நிறுத்தப்பட்டது என்று அந்தக் கடிதத்தில் வந்த வரி உண்மைக்கு மாறானது. அதைத் திருத்திப் போடுங்கள். இரண்டாவது, என் பெயரை வெளியிட வேண்டாம். என் பெயர் தெரிந்தால் என்னுடைய பிரிவு தெரியும், பிரிவு தெரிந்தால் காட்டுக்கரைக் குடியேற்றத்தில் நாலு பிள்ளைகளோடு இருப்பவள் யார் என்று ஊர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும். இதை எழுதலாமோ என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மகளின் வயதை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முல்லைத்தீவு மாவட்டம்.